அணில் வாலுக்கு ஓர் உள்பட்டி

ஜனவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் கால் கொஞ்சம் வீங்கியது, இப்போது வற்றிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொழுந்தனார் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

போனில் பேசலாமே என்கிறான் பிள்ளை. நீ போனை எடுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி "ஹலோ, கேக்குதா?" என்று கத்தி முடிப்பதற்குள் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும். அதுவும் இந்த வீட்டில் நான் போன் பேசினால் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒன்பதாவது மாடி. துணி துவைக்க மெஷின், காயவைக்க மெஷின், பாத்திரம் கழுவ மெஷின். மருமகள் தங்கமான பெண். ஆனால் நான் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தால்கூடப் பிடுங்கிக்கொள்கிறாள். "அம்மா, ஆறு மாசம் நீ சும்மா இருக்கணும், அவ்வளவுதான்" என்று பிள்ளை கட்டளை போட்டுவிட்டான். அவன் அப்பா போன பிறகு தையல் மெஷினை மிதித்து அவனைப் படிக்கவைத்தேன் இல்லையா, அது அவன் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது போல. சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யார் சொல்லித்தருவது?

இனி வேலைக்கு வருவோம். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து, ஒரே மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று, இருபத்துநான்கு வருஷமாக நான் வெட்டுகிறேன், நீ தைக்கிறாய். இந்த ஆறு மாதம் வெட்டுவதும் உன் தலையில். யூனிஃபார்ம் துணி வந்ததும் தண்ணீரில் நனைத்து உலர்த்திவிட்டு வெட்டு. காகித அளவுகள் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. சந்தேகம் வந்தால் வெட்டாதே, எழுது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அன்பு அரை வரி, அதிகாரம் ஒரு பக்கம். நல்ல சுகத்தோடுதான் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டோம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் காரணம் நீங்கள்தான், கேளுங்கள்.

வெட்டுகிற மேஜையை உங்கள் உயரத்துக்குச் செய்துவைத்திருக்கிறீர்கள். நான் ஒரு பலகை மேல் நின்றுதான் வெட்ட வேண்டியிருக்கிறது. ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்கால் கழன்று கையில் வந்துவிடும். சாக்கட்டியை எங்கே ஒளித்துவைத்தீர்கள் என்று இரண்டு நாள் தேடினேன். டீ டப்பாவுக்குள் யாராவது சாக்கட்டி வைப்பார்களா? அப்புறம் அந்த ரேடியோ. இத்தனை வருஷம் நான் சத்தமாக வைக்க நீங்கள் குறைக்க என்று போனதே, இப்போது ஆசை தீரச் சத்தமாக வைத்தேன். பத்து நிமிஷத்தில் நானே குறைத்துவிட்டேன். என்னைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கொழுந்தன் பட்டன் தைக்கப் பழகுகிறார். சட்டைக்கு ஆறு பட்டன், அவர் விரலில் ஏழு குத்து. "அண்ணி வந்தா இந்த வேலையெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று நாளைக்கு நான்கு தடவை கேட்கிறார்.

பள்ளிக்கூடத்திலிருந்து நூற்று அறுபது சட்டைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நீங்கள் சொன்ன ஆறு மாதம் ஜூலையில் முடிகிறது. பள்ளி ஜூனில் திறக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே வர முடியுமா என்று நான் கேட்கவில்லை. சும்மா சொல்லிவைத்தேன்.

உங்கள்,
வாயாடி என்று உங்களால் அழைக்கப்படுபவள்


பிப்ரவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் தனியாகச் சிரித்தேன். மருமகள் பயந்துபோய் வந்து பார்த்தாள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மேஜைக் காலை அறுத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

இங்கே என் நிலைமையைக் கேள். பக்கத்து வீட்டுக்காரி வீட்டுத் திரைச்சீலை ஒரு பக்கம் மடிப்பு பிரிந்து தொங்கியது. பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? வாங்கி வந்து தைத்துக் கொடுத்தேன். மறுநாள் கீழ்வீட்டிலிருந்து ஒரு கோட்டு வந்தது, அதற்கடுத்த நாள் யாரோ ஒரு நாய்க்குப் போடுகிற சட்டை. பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் தைக்கவாம்மா உன்னை இங்க கூட்டி வந்தேன்?" என்று ஊசிப் பெட்டியை எடுத்து அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டான். ஒரே ஒரு ஊசியை மட்டும் நூலோடு என் கைப்பையின் உள்துணியில் குத்தி ஒளித்துவைத்திருக்கிறேன். அவனிடம் சொல்லிவிடாதே.

சின்ன அறைக்கு வெள்ளை அடித்து, புதுக் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டிருக்கிறான். யாருக்கடா என்றேன். விருந்தாளிக்கு என்றான். விருந்தாளிக்கு எதற்குச் சுவரில் அப்பா படம் மாட்டுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

துணி வந்ததா? வெட்டினாயா? எழுது.

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள சித்திக்கு,

நானும் இவளும் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமா? இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா இனி இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கான தாள்களெல்லாம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நான் சின்ன வயசில் தூக்கத்தில் விழித்துப் பார்த்தால் அம்மாவின் முதுகுதான் தெரியும், மெஷின் மேல் குனிந்த முதுகு. பரீட்சைக்குப் போகும்போதும் அதே முதுகுதான். இனிமேலாவது அது நிமிர்ந்து உட்காரட்டும் சித்தி. நான் சம்பாதிப்பது வேறு எதற்கு?

கேட்டால் ஒரே பதில்தான் சொல்வாள், "அங்க அவ தனியாத் திண்டாடுவாடா" என்று. அதனால் உங்களிடம் ஒரு உதவி. நீங்களே சமாளித்துக்கொள்கிறீர்கள், அவசரப்பட்டு வர வேண்டியதில்லை என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். அம்மா மனசு மாறிவிடும். ஏப்ரலில் ஒரு முழு நாள் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். அங்கே வைத்துத்தான் கேட்கலாம் என்று இருக்கிறேன். பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்குப் போடுங்கள்.

உங்கள் பிள்ளை


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் வலி இல்லை. பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

துணி வந்தது. வெட்டியாகிவிட்டது. வேலை நன்றாக நடக்கிறது. மேஜை உயரம் பழகிவிட்டது. உங்கள் கொழுந்தன் நன்றாகப் பட்டன் தைக்கிறார். நாங்களே சமாளித்துக்கொள்கிறோம். நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டியதில்லை. பிள்ளையோடு இருங்கள். இத்தனை வருஷம் உழைத்தது போதும்.

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நீ கேட்டபடி உன் அம்மாவுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்து இருபது நாளாயிற்று. நாலு வரிக் கடிதத்துக்கு இருபது நாள் எடுத்துக்கொண்டேன் என்றால் அது எப்படிப்பட்ட வேலை என்று நீயே யோசித்துக்கொள்.

நீ கேட்டதில் தப்பில்லை. அந்த முதுகை நானும்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் உனக்கு மட்டும் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. துணியை வெளிப்பக்கத்தோடு வெளிப்பக்கம் சேர்த்து மடித்துப் போட்டு வெட்டினால்தான் ஒரு சட்டைக்கு இடது கையும் வலது கையும் வரும். இது உன் அம்மாவின் தையல் அறையில் வளர்ந்த உனக்கே தெரியும். நான் பலகை மேல் ஏறி நின்ற பயத்தில், மடிக்காமல் அப்படியே அடுக்கிப் போட்டு ஒரே வெட்டாக வெட்டித் தள்ளிவிட்டேன். நூற்று அறுபது சட்டைக்கு முந்நூற்று இருபது இடது கை. திருப்பிப் போடலாம் என்றால் துணியின் உள்பக்கம் சொரசொரப்பு. உன் சித்தப்பா ஒரு கையை எடுத்து அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் இடது கைப் பழக்கமா இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

மில்லுக்கு எழுதிக் கெஞ்சி அதே துணி வரவழைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். சொல்லாதே.

சித்தி


ஏப்ரல் 4

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நானும் சுகம்.

நான் இல்லாமலேயே வேலை நன்றாக நடக்கிறது என்று எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. முழங்கால் வலியும் போய்விட்டதாம். நான் வந்த பிறகு எல்லாமே சரியாகிவிட்டது போலிருக்கிறது.

சனிக்கிழமை எங்கேயோ ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறானாம். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவோமாம். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 12

வாயாடி,

உனக்கு இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் மேல் கோபம், அது அப்படியே இருக்கிறது. ஆனால் இதை வேறு யாரிடம் சொல்ல? இந்த ஊரில் உள்பட்டி என்றால் யாருக்குத் தெரியும்? நான் சுகம், நீ சுகமா என்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

பூங்கா என்றால் மரமும் பெஞ்சும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அது ஒரு தனி ஊர். வாசலில் கையில் ஒரு காகித வளையல் மாட்டினார்கள். அதைக் காட்டினால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். தலைகீழாகத் தொங்கவிட்டு அலறவைக்கிற வண்டி, தண்ணீரில் தூக்கிப் போடுகிற படகு, சும்மா சுற்றிச் சுற்றி வாந்தி வரவைக்கிற கோப்பை. மருமகள் எதெதில் எந்த நேரத்துக்கு ஏறுவது என்று பட்டியல் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு முழுக்க நீ ஒரு துரும்பைக்கூடத் தூக்கக் கூடாது" என்றான். சரிடா என்றேன். உண்மையாகவேதான் சொன்னேன்.

படகுக்கு வரிசை. முக்கால் மணி நேரமாக நிற்கிறோம், வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. அப்போது எதிரே ஒரு அணில் வந்தது. ஆள் உயரத்துக்கு மேல், பஞ்சு அடைத்த வால் தலைக்கு மேல் போய் வளைந்து நிற்கிறது. உள்ளே ஒரு ஆள் நடக்கிறார். எல்லாருக்கும் கை ஆட்டுகிறது, படம் எடுத்துக்கொள்கிறது. எல்லாம் சரி, திரும்பியது பார், வால் கனத்தில் பின்பக்கத் தையல் இடுப்பிலிருந்து கீழ்வரைக்கும் பிரிந்து கிடக்கிறது! உள்ளே இருப்பவரின் கட்டம் போட்ட கால்சட்டை தெரிகிறது. பாவம், அதற்குத் தெரியவில்லை. பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.

நீயாக இருந்தால் பார்த்துக்கொண்டு நிற்பாயா? மருமகளிடம் "இதோ வரேன்" என்று விரலைக் காட்டிவிட்டுப் போய், அணிலின் கையைப் பிடித்து ஒரு பொரிக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். கைப்பையிலிருந்து ஊசியை எடுத்ததும் அது துள்ளியது. "ஆடாம நில்லுடா" என்று முதுகில் ஒன்று வைத்தேன். உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சின்னப் பெண்ணின் குரல்! எனக்கு வெட்கமாகிவிட்டது. "சரி, ஆடாம நில்லும்மா" என்று மாற்றிச் சொல்லிவிட்டுத் தைத்தேன்.

அதற்குள் சீருடை போட்ட ஒரு அம்மாள் ஓடிவந்தாள், அவர்கள் அணிலை நான் ஏதோ செய்கிறேன் என்று. தையலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மலை மாதிரி வரைந்திருந்த சுவரில் ஒரு கதவைத் திறந்து அணிலையும் என்னையும் உள்ளே கூட்டிப்போனாள். வாயாடி, அது ஒரு தையல் அறை! அலமாரி முழுக்க உடம்பில்லாத தலைகள், கம்பியில் வரிசையாகத் தலையில்லாத உடம்புகள், நான்கு மெஷின், மூன்று பெண்கள். நான்காவது மெஷினுக்கு ஆள் வரவில்லை. நான்கு மணிக்கு ஊர்வலமாம், அதற்குள் பதினோரு உருப்படி சரிசெய்ய வேண்டும். அங்கே பெரியவள் ஒருத்தி, கழுத்தில் அளவு நாடா, மூக்குக் கண்ணாடி நெற்றியில். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை. என் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். காலி மெஷினின் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

உட்கார்ந்தேன்.

அந்த வாலை அவர்கள் வெறும் துணியோடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். கனமெல்லாம் தையல் மேல் விழுந்தால் எத்தனை நாளைக்கு நிற்கும்? இடுப்பைச் சுற்றி உள்ளே ஒரு கேன்வாஸ் பட்டி கொடுத்து, வாலை அந்தப் பட்டியில் பிடித்துக் கொடுத்தேன். இப்போது கனம் ஆள் இடுப்பில் நிற்கும், துணி தப்பித்தது. பெரியவள் வாலைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. என் முதுகில் ஒன்று வைத்தாள் பார், நீ வைப்பது மாதிரியே. அப்புறம் ஒரு முயல், இரண்டு வாத்து, ஒரு ராஜாவின் கால்சட்டை. தலை நிமிர்ந்தால் மணி நாலு. ஊர்வலத்தில் வால் ஏதாவது தொந்தரவு செய்தால் என்ன ஆவது என்று அணிலோடு என்னையும் அனுப்பிவிட்டார்கள். முன்னால் பாண்டு, நடுவில் அணில், வாலைப் பிடித்துக்கொண்டு ஊசியும் கையுமாக நான். இரண்டு பக்கமும் ஜனம் கை தட்டுகிறது. நானும் கை ஆட்டினேன். ஆட்டாவிட்டால் மரியாதையில்லை.

அப்போதுதான் கூட்டத்தில் பிள்ளையைப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய், காவல்காரர் ஒருவரோடு. நான் காணாமல் போய்விட்டேன் என்று ஐந்து மணி நேரமாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் பாஷையில் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்?

"ஒரு நாள்! ஒரே ஒரு நாள் சும்மா இருக்க முடியாதாம்மா உன்னால?" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர். எனக்கும் வந்துவிட்டது. அவனைப் பயமுறுத்தியது தப்புதான். வாலை உயர்த்தி உள்பட்டியைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வரும் வழியில் ஏதோ கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

ஒரு விளையாட்டிலும் ஏறவில்லை. இவ்வளவு நல்ல நாள் நான் வந்ததிலிருந்து இல்லை. உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள சித்திக்கு,

நலம். அம்மா நேற்று உங்களுக்கு ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாள், விவரமெல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து மணி நேரம் தேடினோம். எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போது ஊர்வலம் வந்தது. அம்மா சிரித்துக்கொண்டு வந்தாள் சித்தி. வாயை மூடிக்கொண்டு இங்கே எங்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. பல்லெல்லாம் தெரிய, உங்களோடு சண்டை போடும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. மூன்று மாதமாக அதை நான் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. முதுகும் குனிந்துதான் இருந்தது. அது வருத்தத்தில் குனிந்த முதுகு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. உங்களை எழுதச் சொன்னது நான்தான் என்பதையும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் மனதில் இருப்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். வருஷம் ஒரு தடவை நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் பிள்ளை


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாரும் சுகமில்லை. முழங்கால் வலி உயிர் போகிறது. போன கடிதத்தில் இல்லை என்று எழுதியது பொய். அந்தக் கடிதம் முழுக்கவே பொய், உங்கள் பிள்ளை கேட்டு எழுதினேன். அவனைத் திட்டாதீர்கள், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். என்னைத் திட்டுங்கள். ஒரு குறைகூடச் சொல்லாமல் நான் கடிதம் எழுதினால் அதை நீங்கள் நம்பலாமா? இருபத்துநான்கு வருஷத்தில் என்னைப் புரிந்துகொண்டது அவ்வளவுதானா?

முந்நூற்று இருபது இடது கை வெட்டினேன். விவரம் உங்கள் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை. மறுபடி துணி வாங்கி, மடித்துப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். சரியாக வந்தது. அடுத்த ஆர்டரும் சரியாக வந்தது. அதனால் இப்போது கூத்து என்னவென்றால், நான் எழுதிய பொய் உண்மையாகிவிட்டது. வேலைக்கு நீங்கள் தேவையில்லை.

அணில் கதையை உங்கள் கொழுந்தனுக்கு வாய்விட்டுப் படித்தேன். அவர் சிரித்துப் பட்டனை விழுங்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெரியவள் உங்கள் முதுகில் தட்டினாளாமே. யார் அவள்?

வெட்டி முடித்து நிமிர்ந்தால் எதிர்ப்பக்கம் ஆள் இல்லை அக்கா. நல்ல வெட்டு என்று சொல்லக்கூட வேண்டாம், "இது என்ன வெட்டு" என்று கேட்கவாவது ஒரு ஆள் வேண்டாமா? வேலைக்காக வராதீர்கள். எனக்காக வாருங்கள்.

வாயாடி


ஏப்ரல் 29

வாயாடிக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. இனி அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை.

காலையில் பிள்ளையிடம் நானே சொன்னேன், டிக்கெட் எடுடா என்று. அவன் மேல் தட்டிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவனை விட்டுவிட்டு வருவது சுலபம் என்று நினைத்துக்கொள்ளாதே. மே இருபதாம் தேதி காலை வந்து இறங்குகிறேன்.

நீ அவசரமில்லை என்று எழுதினாய். வர வேண்டாம் என்பதைத்தான் அப்படி மரியாதையாக எழுதினாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் வருகிறேன். உன் வெட்டில் நான் தலையிட மாட்டேன். மேஜை இனி உன்னுடையது. காலை அறுத்து உன் உயரத்துக்கு வைத்துக்கொள். கொழுந்தனார் விரலுக்கு விடுதலை கொடு, பட்டன் நான் தைக்கிறேன். நீ இருக்கிற அறையில் ஒரு ஓரமாக எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை, போதும்.

அக்கா